நடுவில் நிற்பவர்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





ஆண்டு விழா மேடைக்கு வருபவர்கள், வாலிபர்களை நோக்கித் தொண்டு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நாமும் அதையே சொல்ல வந்திருக்கிறோம். ஆனால் மாலையும் பொன்னாடையும் கிடைக்காத ஒரு தொண்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். விளையாட்டுப் போட்டி முடிந்ததும் வென்றவருக்குக் கிண்ணம் கிடைக்கிறது. தோற்றவருக்கு அனுதாபம் கிடைக்கிறது. நடுவராக நின்றவரோ தமது தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு தனியே வீடு செல்கிறார். படம் பிடிக்கும்போதுகூட அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நமக்குப் பழக்கமான கிறிக்கெற்றை விட்டு, அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தின் நடுவரை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. கிறிக்கெற் ஆட்டத்தில் எதிரணியினர் கேட்டாலன்றி நடுவர் ஒருவரை ஆட்டமிழந்தவர் என்று தீர்ப்பதில்லை. கேள்வி எழுந்த பின்னரே விரல் எழும். பேஸ்போலிலோ அப்படியன்று. எறியப்பட்ட பந்தை அடிப்பவர் அடிக்காது விட்டாரானால், அது நல்ல பந்தா, தவறிய பந்தா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாரில்லாமலே நடுவர் சொல்லியாகவேண்டும். 'கவனிக்கவில்லை' என்று ஒதுங்க அவருக்கு ஒரு பந்தேனும் கிடையாது. ஆகவே நடுவராக நிற்பதென்றால் என்ன என்பதை அறிய இந்த ஆட்டத்தைப் போல் நல்ல பாடசாலை வேறில்லை எனலாம்.

எல்லே ஆட்டம் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு ஓரளவு எளிதில் விளங்கும். பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதுதான் சாரம். அடிப்பவர் நிற்குமிடத்தில் ஐந்து மூலையுள்ள வெள்ளை றப்பர்த் தட்டொன்று நிலத்தில் பதிக்கப்பட்டிருக்கும். அதன் அகலம் 17 அங்குலம். ஓட வேண்டிய தளங்கள் பெரியவர்களின் ஆட்டத்தில் ஒன்றுக்கொன்று 90 அடி தூரத்தில் இருக்கும். சிறுவர் ஆட்டத்தில் 60 அடி. தட்டுக்கு மேலாக, உரிய உயரத்தில் வரும் பந்தை அடிக்காமல் விட்டால் அது 'ஸ்ரைக்'. அடித்துத் தவறினாலும் ஸ்ரைக்கே. அந்த எல்லைக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிட்டால் அது 'போல்'. ஸ்ரைக் மூன்றானால் அடிப்பவர் வெளியேறவேண்டும். போல் நான்கானால் அவர் இலவசமாக முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம்.

உரிய உயரம் என்றோமே, அது எது? சிறுவர் ஆட்டத்திலே அடிப்பவனின் அக்குளிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரையுள்ள இடமே அது. நெட்டைப் பையனுக்கு அந்த வெளி நீளும். குட்டைப் பையனுக்குச் சுருங்கும். அங்கே கம்பியுமில்லை, கயிறுமில்லை. நமது கடைக்காரரின் முழக்கோல் மரத்தால் ஆனது. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். இந்த நடுவரின் அளவுகோலோ அவருடைய மனத்திலே இருக்கிறது. அதை ஒவ்வொரு பையனுக்கும் புதிதாக விரிக்கவேண்டும். அதே வேளையில் இரண்டு அணிக்கும் ஒன்றாகவும், முதற் பந்துக்கும் கடைசிப் பந்துக்கும் ஒன்றாகவும் பிடிக்கவேண்டும். வெயில் ஏறி, களைப்பு மிகுந்து, வீட்டு நினைவு வந்த பிறகும் அந்தக் கோல் ஓர் அங்குலமும் நீளக்கூடாது, குறுகக்கூடாது. இதுவே அவருடைய முதற் சோதனை.

இப்பொழுது நாம் சற்று அந்த இடத்திலே போய் நின்று பார்ப்போம். முகத்திலே கம்பிக் கவசம். மார்பிலே ஒரு கவசம். கணைக்காலில் ஒரு கவசம். கையிலே பந்துக் கணக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளும் சிறு கருவி. பந்தைப் பிடிப்பவர் குந்தியிருக்கிறார். அவருக்கும் அடிப்பவருக்கும் இடையே தெரியும் சிறு இடைவெளியில் தலையை நிறுத்தி நாமும் குனிகிறோம். பந்து வரும்போது தலை அசையக்கூடாது. கண் மட்டும் பந்தைத் தொடர்ந்து கையுறைக்குள் போகும்வரை சென்று திரும்பவேண்டும். பந்து வந்து விழுந்தவுடனே வாய் திறக்கவும் கூடாது. கண்டதை மனத்திலே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டே தீர்ப்பைச் சொல்லவேண்டும். புதிதாக வரும் நடுவருக்கு ஆசான்மார் திரும்பத் திரும்பச் சொல்லும் புத்தி இதுதான்: நாக்கைக் கண்ணுக்கு முன்னே ஓடவிடாதே. இது மைதானத்துக்கு மட்டும் உரிய புத்தியா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலாம் தளத்தில் தீர்ப்புச் சொல்வது இன்னுமொரு வித்தை. ஓடி வருபவனின் கால் தளத்திலே படுவது முந்தியா, பந்து கையுறையிலே விழுவது முந்தியா என்று காணவேண்டும். இரண்டும் இரண்டு இடத்தில் நடக்கின்றன. கண்ணோ ஒரே இடத்தைத்தான் கூர்ந்து பார்க்கும். ஆகவே நடுவர் தளத்தின்மேற் கண்ணை வைத்து, பந்து தோலிலே விழும் ஓசைக்குக் காதைக் கொடுக்கிறார். கண்ணும் காதும் சேர்ந்து ஒரு தீர்ப்பைச் செய்கின்றன. இன்னுமொன்று: மிக நெருங்கி நின்றால்தான் நன்றாகத் தெரியுமென்று நாம் நினைப்போம். நடுவர்கள் அப்படி எண்ணுவதில்லை. நெருக்கத்தைவிடச் சரியான கோணமே பெரிதென்பது அவர்களின் அனுபவம். ஒரு விஷயத்துக்கு மிக அருகில் நிற்பவனுக்கு அதன் ஒரு பக்கமே தெரியும் என்பது குடும்பத் தகராறுகளுக்கும் பொருந்தும் அன்றோ?

தொழில்முறைப் பெரும் போட்டிகளில் நான்கு நடுவர்கள் நிற்பார்கள். ஊர்ச் சிறுவர்களின் ஆட்டத்திலோ இருவர் வந்தால் அதிர்ஷ்டம். பல நாட்களில் ஒருவரே. வானத்திலே உயர்ந்த பந்து பிடிபடுகிறதா என்று அவர் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தளத்தில் நின்ற பையன் நேரத்துக்கு முன்னே புறப்பட்டானா என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. எதிரணியார், 'அவன் முந்திவிட்டான், பார்க்கவில்லையா?' என்று கூவுவார்கள். அங்கேதான் நேர்மையுள்ள நடுவர் வெளிப்படுகிறார். காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லி ஒருவனை வெளியேற்றுவதில்லை என்பது அவர்களின் தொழிற் கட்டளை. கூட்டத்தின் கூச்சலைச் சாட்சியாக வைத்துத் தீர்ப்பளிப்பவன் நடுவனல்லன்.

இந்தத் தொழிலிலே ஒரு சிறு மரியாதை உண்டு. அது எமக்கு மிகவும் பிடித்தமானது. தட்டில் மண் படிந்தால் நடுவர் சிறு தூரிகையால் துடைப்பார். சில வேளைகளில் அத்தட்டுச் சுத்தமாக இருக்கும்போதும் அவர் ஆட்டத்தை நிறுத்தி, முன்னே வந்து, குனிந்து, மெதுவாகத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏன் தெரியுமா? சற்று முன் பந்து பிடிப்பவரின் உடம்பிலே பலமாகப் பட்டிருக்கும். 'நோகிறதா?' என்று சபை நடுவே கேட்டு அவரைக் கூச வைக்காமல், மூச்சு வாங்க அவகாசம் கொடுக்கிறார். பந்து நடுவர்மேற் பட்டுவிட்டால் பிடிப்பவர் அந்த உபகாரத்தைத் திருப்பிச் செய்வார். ஏதோ ஆலோசனை சொல்வதுபோல எறிபவரிடம் மெல்ல நடந்து போவார். தீர்ப்பளிப்பவர் கல்மனம் படைத்தவர் என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பாராக.

சிறுவர் பேஸ்போலின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1939ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்போட் என்னும் ஊரிலே, கார்ல் ஸ்டொற்ஸ் என்பவர் மூன்று அணிகளோடு சிறுவர்க்கென ஒரு சங்கத்தைத் தொடக்கினார். அதுவே 'லிற்றில் லீக்' ஆயிற்று. 1947இல் அதன் பெரும் போட்டி முதன்முறையாக நடந்தது. பின்னர் பல நாட்டுப் பிள்ளைகளும் அங்கு வந்து ஆடும் நிலை உண்டாயிற்று. இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆயிரக்கணக்கானோர் திரண்டு பார்க்கும் அந்த வில்லியம்ஸ்போட் போட்டியிற்கூட நடுவராக நிற்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஊருக்குள் நடக்கும் ஆட்டங்களில் தகப்பன்மாரும், ஓய்வு பெற்றவர்களும், சில இடங்களில் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளும் தம்மிலும் சிறியவர்களின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கிறார்கள்.

இத்தகைய சிறு மைதானங்களிலிருந்து பெரியோர் எழுந்திருக்கிறார்கள். எமெற் ஆஷ்போட் என்பவர் தபாற் கந்தோரிலே வேலை பார்த்துக்கொண்டு பாடசாலை, கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவராயிருந்தார். கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த காலம் அது. 1951இல் அவர் சிறிய தொழில்முறைச் சங்கமொன்றிலே இடம்பெற்றார். உயர்மட்டப் போட்டிகளின் முதற் கறுப்பின நடுவராக அவர் மைதானத்தில் இறங்கியது 1966இல்; அப்பொழுது அவருக்கு வயது 51. பெண்களின் வழி இன்னும் நீண்டது. பேர்னிஸ் கேரா என்ற அம்மையார் நீதிமன்றம் வரை போய் வழக்காடி, 1972இல் தொழில்முறை ஆட்டமொன்றில் நடுவராக நின்ற முதற் பெண்ணானார். அந்த ஒரே ஆட்டத்தோடு மனம் வெறுத்து விலகினார். உயர்மட்டப் போட்டியிலே ஒரு பெண் நடுவராக நிற்க அதன் பின்னும் 53 ஆண்டுகள் சென்றன. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 9ஆந் திகதி, அற்லாண்டா நகரிலே ஜென் பவோல் அம்மையார் அந்த வாயிலைத் திறந்தார்.

அன்பர்களே, இதுவரை திறமையைப் பற்றிச் சொன்னோம். இனித் தவறைப் பற்றிச் சொல்லவேண்டும். தவறைச் சொல்லாமல் நடுவரைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சே.

2010ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆந் திகதி டெற்றோயிற் நகரில் ஓர் ஆட்டம் நடந்தது. அது தொழில்முறை ஆட்டமேயாயினும் அதன் பாடம் எல்லா மைதானங்களுக்கும் உரியது. அர்மாண்டோ கலராகா என்ற இளைஞர் பந்தெறிந்தார். எதிரணியில் வந்த 26 பேரையும் ஒருவர் பின் ஒருவராக, ஒருவரைக்கூட முதலாம் தளத்திலே நிலைக்க விடாது வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் அது குறையற்ற ஆட்டம். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரத்தில் அதுவரை 20 முறை மட்டுமே நிகழ்ந்த அருஞ்செயல் அது. இருபத்தேழாமவர் பந்தை நிலத்தோடு தட்டிவிட்டு ஓடினார். பந்து முதலாம் தளத்துக்கு எறியப்பட்டது. கலராகாவே ஓடிவந்து அதைப் பிடித்துத் தளத்தை மிதித்தார். அங்கே நின்ற நடுவர் ஜிம் ஜொய்ஸ், 20 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் பெற்றவர், இரு கைகளையும் விரித்து 'சேஃப்' என்றார். ஓடியவர் தப்பினார் என்பது அதன் பொருள்.

தீர்ப்புப் பிழை. படத்திலே பார்த்தபோது ஓடியவர் ஓர் அடிக்கு மேல் பிந்தியிருந்தது யாவருக்கும் தெரிந்தது. ஆனால் தீர்ப்புத் தீர்ப்பே. அக்காலத்து விதிப்படி அதை மாற்ற வழியில்லை. கலராகா கோபிக்கவில்லை. சற்றே சிரித்தார். மீண்டும் தமது இடத்துக்குப் போய் அடுத்தவருக்குப் பந்தெறிந்து ஆட்டத்தை முடித்தார். ஜொய்ஸ் உள்ளே சென்று படத்தைப் பார்த்தார். பார்த்ததும், வெளிச்சம் குறைவு என்றோ, மற்றவர் மறைத்தார் என்றோ அவர் சாட்டுச் சொல்லவில்லை. தாம் பிழை விட்டதாகப் பத்திரிகைக்காரர் முன் ஒப்புக்கொண்டார்; கலராகாவிடம் நேரிலே கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். அந்த இளைஞர் அவரைக் கட்டிக்கொண்டார்.

மறுநாளும் அதே மைதானத்தில் ஆட்டம். அன்று தட்டுக்குப் பின்னே நிற்கவேண்டிய முறை ஜொய்சுடையது. அவர் வந்து நின்றார். ஆட்டம் தொடங்குமுன் அணியின் பெயர்ப் பட்டியலை நடுவரிடம் கையளிப்பது வழக்கம். பொதுவாக அணியின் முகாமையாளரே அதைக் கொண்டுபோவார். அன்று அதைக் கொண்டுவந்தவர் கலராகா. ஜொய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பார்த்திருந்தோர் கைதட்டினர். பின்னர் அந்த இருவருமே சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்கள்.

இங்கே யாருடைய பெருமை பெரிது? பிழையை மறைக்காதவருடையதா? பிழையைப் பொறுத்தவருடையதா? எமக்குத் தோன்றுவது, ஒன்றில்லாமல் மற்றது நிற்காது என்பதே. மன்னிக்கும் சபை இல்லாத இடத்தில் ஒப்புக்கொள்ளும் நடுவர் உண்டாகமாட்டார். ஒப்புக்கொள்ளாத நடுவரை மன்னிப்பது எந்தச் சபைக்கும் கடினம்.

இன்று பெரிய மைதானங்களில் இயந்திரம் வந்துவிட்டது. 2014 முதல் பல தீர்ப்புகளைப் படத்திலே மீளப் பார்த்து மாற்ற இடமுண்டு. ஸ்ரைக்கா போலா என்ற தீர்ப்பையும் இயந்திரத்தைக் கொண்டு கேள்விக்குட்படுத்தும் முறைக்கு 2025இல் அனுமதி கிடைத்து, 2026 பருவத்துக்கென ஏற்றுக்கொள்ளப்பட்டது. நல்லதே. ஆனால் பிள்ளைகள் ஆடும் ஊர் மைதானத்தில் அந்த வசதி ஏது? அங்கே ஒரு மனிதரும் அவருடைய மனச்சாட்சியுமே இருக்கின்றனர்.

அந்த மனிதர்களுக்கு நேரும் கதியைச் சொல்ல வருத்தமாயிருக்கிறது. பிள்ளைகள் அமைதியாக ஆட, வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் நடுவரை ஏசுகிறார்கள். அதனால் அமெரிக்காவில் பலர் இந்தத் தொண்டை விட்டுப் போகிறார்கள். நடுவர் கிடையாமல் ஆட்டம் தள்ளிப்போகிறது. 2023இல் நியூ ஜேர்சி மாநிலத்து டெப்ற்போட் என்னும் ஊரின் லிற்றில் லீக் சங்கத்தார் ஓர் உபாயம் கண்டனர். நடுவரை ஏசியவர் மீண்டும் பார்வையாளராக வரவேண்டுமானால், முதலில் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே நடுவர் பணியில் நிற்கவேண்டும் என்று விதித்தார்கள். தண்டனையா, கல்வியா என்று பிரித்துச் சொல்ல முடியாத விதி! வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது எல்லாப் பந்தும் தெளிவாகவே தெரியும். கவசத்துக்குள்ளே முகத்தை வைத்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

ஆட்டத்துக்கு அப்பாலும் இதன் விளைவு செல்கிறது. பத்து வயதுப் பிள்ளை ஒரு பந்தின் தீர்ப்பை மறுநாள் மறந்துவிடும். ஆனால் தன் தகப்பனார் ஒரு தொண்டரைச் சபை நடுவே என்ன சொல்லி ஏசினார் என்பதை அது மறப்பதில்லை. தனக்குச் சாதகமானால் நீதி, பாதகமானால் சதி என்ற பாடத்தை அப்பிள்ளை அந்த வேலியோரத்திலே கற்றுக்கொள்கிறது. பிறகு அதே பாடத்தைச் சங்கத்துக்கும், கந்தோருக்கும், ஊர்ப் பொதுக் காரியத்துக்கும் கொண்டுபோகிறது.

நமது திருக்குறளிலே நடுவுநிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். அதற்கு அடுத்தது அடக்கமுடைமை. பக்கம் பக்கமாக நிற்கும் இவ்விரண்டையும் மைதானத்துக்குக் கொண்டுபோனால், முன்னையது நடுவருக்கும் பின்னையது பார்ப்போருக்கும் என்று பங்கு பிரித்துவிடத் தோன்றும். அப்படிப் பிரிக்கலாகாது. இரண்டும் இரு சாராருக்கும் வேண்டும்.

வாலிப அன்பர்களே! அடுத்த விளையாட்டு விழாவிலே, 'நடுவராக யார் நிற்பது?' என்ற கேள்வி எழும்போது எல்லோரும் நிலத்தைப் பார்ப்பது வழக்கம். அப்பொழுது உங்களில் ஒருவர் கையை உயர்த்துங்கள். விதியை முதலிலே படித்துக்கொள்ளுங்கள், கண்டதைச் சொல்லுங்கள், காணாததைச் சொல்லாதேயுங்கள், பிழைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பெரியோர்களே! அந்தப் பிள்ளை பிழைவிடும் நாளும் வரும். அன்று அவனுக்குச் சற்று மூச்சு வாங்க அவகாசம் கொடுங்கள். சுத்தமாயிருக்கும் தட்டைத் துடைக்கின்றாரே, அந்த நடுவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆடுவோர் பதினெண்மர் வந்தாலும், பார்ப்போர் ஆயிரவர் வந்தாலும், நடுவில் நிற்க ஒருவர் வராவிட்டால் ஆட்டம் தொடங்காது. அந்த ஒருவர் நம் சங்கத்திலிருந்து வரட்டும்.